ஊசி நாலரையில் நிற்க வேண்டும்

கிளடிசுக்குப் பிளேனில் ஏற ஆசை என்று கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் யாரிடமாவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பிளேன் சத்தம் கேட்டால் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய் ஒளிக்கிற மனுசி என்றுதான் குடியிருந்த கட்டடத்தில் அவளுக்குப் பெயர். அது பொய்யும் இல்லை. தொண்ணூற்றுமூன்றில் அவள் வந்து இறங்கி இரண்டு கிழமை ஆகவில்லை, ஏரிக்கரையில் வருஷா வருஷம் நடக்கும் விமானக் கண்காட்சிக்கு வந்த ஜெட்டுகள் கட்டடத்துக்கு மேலால் இரைந்துகொண்டு போயின. பக்கத்து வீட்டு அன்ரனெற் ஓடி வந்து பார்த்தபோது கிளடிஸ் மேசைக்குக் கீழே இருந்தாள். இரண்டு கையும் காதில், வாய் மட்டும் திறந்தபடி. குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் காதுச் சவ்வு கிழியாது என்பார்கள். அன்ரனெற்றுக்கு அது எங்கே தெரியப்போகிறது? பாவம், மனுசிக்கு வாய் கோணிப்போச்சு என்று பயந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஆசை. ஊர் பார்க்கிற ஆசை, உல்லாச ஆசை ஒன்றும் இல்லை. இரண்டாயிரம் அடி உயரத்தில், ஒரு றோட்டுக்கு மேலால், ஒரே ஒரு தரம் போக வேண்டும். கீழே றோட்டில் ஒரு வெள்ளை வான் ஓடவேண்டும். அந்த வானின் கூரை மேலே இருந்து தெரிகிறதா, தெரியவில்லையா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். தெரியக்கூடாது என்றுதான் அவள் தேவமாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க என்ன இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறிலிருந்து மூன்று வருஷம் கிளடிஸ் ஒரு வான் ஓட்டினாள். பங்குக் கோயிலின் பழைய வான். முன்பு ஓட்டியவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், ஆம்பிளைகள் எல்லோரும் ஒவ்வொரு காரணத்துக்காக ஒதுங்கினார்கள், இவள் ஸ்ரியறிங்கைப் பிடித்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்கள், காய்ச்சல்காரர், காயக்காரர், எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவது வேலை. பின்னால் கூட இருப்பது ஜெயமலர் மிசி. தாதியாக வேலைசெய்த அவள் கிளடிசைவிட நாலு வயது மூப்பு, வாயைத் திறந்தால் பகிடி. வானின் கூரையில் வெள்ளையடித்து, அதன்மேல் பெரிய சிவப்புச் சிலுவை கீறச் சொன்னது அவள்தான். "மேல இருந்து பாக்கிறவனுக்கு நல்லாத் தெரியவேணும் பிள்ளை. தெரிஞ்சா அடிக்கமாட்டான்" என்றாள். கிளடிஸ் ஏணி வைத்து ஏறிக் கீறினாள்.

அடித்தான். தொண்ணூற்றிரண்டு மாசியில், பட்டப்பகலில், வெட்டவெளி றோட்டில். பிளேன் சத்தம் கேட்டதும் கிளடிஸ் கதவைத் திறந்து வாய்க்காலுக்குள் பாய்ந்தாள். ஜெயமலர் பாயவில்லை, பின்னால் ஒரு கிழவர் சேலைன் ஊசியோடு படுத்திருந்தார். அவரை விட்டுவிட்டு எப்படிப் பாய்வது? ஜெயமலரின் செத்த வீட்டுக்கு வந்த சனம் எல்லாம் கிளடிசுக்கு ஒரே ஆறுதலைத்தான் சொன்னது. "மேல இருந்து ஒண்டும் தெரியாது பிள்ளை. அவங்களுக்கு வான் எண்டே தெரிஞ்சிராது." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் சோறு தின்றாள், வேறொரு வானைத் தேடி ஓட்டினாள், கொழும்புக்கு வந்தாள், கனடாவுக்கும் வந்தாள். ஆனால் அந்தச் சொல் உண்மையா என்று ஒருவருக்கும் தெரியாது. சொன்னவர்களில் ஒருவராவது மேலே போய்ப் பார்த்தவர்கள் இல்லை.

கொழும்பிலிருந்து வந்த பெரிய பிளேன் உதவவில்லை. யன்னலால் பார்த்தால் முகில், முகிலுக்குக் கீழும் முகில். நகரத்து நெடுங்கோபுரத்திலும் ஒருநாள் ஏறிப் பார்த்தாள். கார்கள் தெரிந்தன. ஆனால் கோபுரம் ஒரு இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரமும் உற்றுப் பார்க்கலாம். அவர்கள் பறந்துகொண்டல்லவா பார்த்தார்கள். ஓடுகிற பிளேனில் ஒரு கண் வெட்டுக்குள் தெரியுமா? அதுதான் கேள்வி.

இனிப் புருசனுக்கு வருவோம். யேசுரட்ணம் எண்பத்தைந்திலேயே வந்தவர், கராஜ் மெக்கானிக். எட்டு வருஷம் ஒரு பேஸ்மென்ட் அறையில் தனியாக இருந்தார். மற்ற ஆம்பிளைகள் தனிமைக்குக் குடித்தார்கள், சீட்டு விளையாடினார்கள். இவர் விமானம் ஓட்டப் பழகினார். பழகி முடிந்ததும், பிக்கரிங்குக்கு வடக்கே சோளத் தோட்டங்களுக்கு நடுவில் புல்லால் ஆன ஒரு ஓடுபாதையின் ஓரம் கொட்டகையில் பாதி இடம் பிடித்து, ஒரு வரைபடத்தை விரித்து வைத்து, இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு சின்னப் பிளேனைக் கட்டத் தொடங்கினார். உடம்பு மரம், இறக்கைச் செட்டை இரண்டும் மரம், என்ஜின் மட்டும் பழைய கார் உடைக்கிற இடத்தில் கழற்றிக் கொண்டுவந்த கார் என்ஜின். சனம் அஜக்ஸிலும் பிக்கரிங்கிலும் வீடு வாங்கிக்கொண்டிருக்க, இந்த மனுசன் மரத்துக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார். "யேசு அண்ணை ஊருக்கு நேரா பறக்கப் போறார்போல" என்று கோயில் வாசலில் பகிடி விடுவார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். கிளடிசுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், "நீர் வந்ததும் உம்மை மேலே கொண்டுபோய்க் காட்டுவேன்" என்று எழுதினார்.

அவள் என்ன பதில் எழுதினாள்? "நான் சுகம். செபம் சொல்லுகிறேன். குளிருக்குக் கவனமாக இருங்கோ." வேறு என்னத்தை எழுதுவது? கடிதம் எத்தனை கைகளால் உடைபட்டுப் போகும். வான் ஓட்டுவதையும் எழுதவில்லை, ஜெயமலரையும் எழுதவில்லை. அவர் தன் மனதில் ஒரு பெண்ணை வளர்த்துக்கொண்டார்: செபமாலையோடு பங்கருக்குள் ஒடுங்கிக் கிடக்கிற ஒரு பயந்த பிள்ளை. மேசைக்குக் கீழே இருந்ததைக் கேள்விப்பட்டதும் அது சரியாகிப் போயிற்று. அன்றிலிருந்து அவர் அவளை முட்டையைப் போலக் கையாண்டார். பாரம் தூக்காதையும், தனியப் போகாதையும், நீர் இரும், நான் செய்யிறன். ஒரு வானை நடுறோட்டில் படுத்துக் கிடந்து திருத்தியவளுக்கு இது எவ்வளவு பெரிய சிறை என்று அவருக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கெட்ட காலத்துக்காக அவள் ஏங்கினாள். அந்தக் காலத்தில் அவள் சொன்னால் நாலு பேர் கேட்டார்கள்.

தொண்ணூற்றாறு மாசியில் பிளேன் கட்டி முடிந்தது. அப்போதுதான் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. என்ஜினைத் தரையில் ஓடவிட்டுப் பார்க்கும்போது பக்கத்துச் சீற்றில் இருந்து பெற்றோல் பிரஷரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிற வேலை.

"இஞ்சேரும், வடிவாக் கேளும்" என்றார் யேசுரட்ணம். "பெற்றோல் ராங்க் செட்டைக்குள்ள, என்ஜினுக்குக் கீழ இருக்கு. பம்ப் அதை மேல தள்ளவேணும். இந்த மீற்றரில ஊசி நாலு, நாலரையில நிக்கவேணும். ரெண்டரைக்குக் கீழ போனா என்ஜினுக்குச் சாப்பாடு இல்லை. கார் எண்டா ஓரம் கட்டலாம். மேல எங்க ஓரம் கட்டுறது?" இரண்டரையில் சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தார்.

என்ஜின் இரையும். நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் கேட்பார், "எவ்வளவு?" அவள் சொல்லுவாள், "நாலரை." அவர் தலையை ஆட்டுவார். வீட்டில் மூன்று வருஷமாக அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டு, பதில் வருமட்டும் காத்துக்கொண்டிருந்ததில்லை. இங்கே காத்திருந்தார். அவள் சொல்கிற எண்ணில் அவருடைய உயிர் இருந்தது. சனிக்கிழமைக்காக அவள் கிழமை முழுக்கக் காத்திருந்தாள்.

பங்குனியில் ஒரு நாள் கடும் குளிர். என்ஜின் விக்கி விக்கி ஓடியது. "குளிருக்கு இழுக்குதில்லை" என்று சினந்துகொண்டு அதை நிறுத்தி, இடப்பக்கத்தில் பார்த்து முடித்த எல்லாவற்றுக்கும் கொப்பியில் சரி அடையாளம் போட்டுவிட்டு, யேசுரட்ணம் போன் எடுக்க அலுவலக அறைக்குப் போனார். என்ஜின் மூடி கழன்று கிடந்தது. கிளடிஸ் எட்டிப் பார்த்தாள். பெற்றோல் குழாய் குளிருக்குள் தனியாகத் தொங்கிக்கொண்டு வந்து காபரேற்றருக்குள் போனது. அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. ஊரில் பெற்றோல் ஏது? தடை போட்ட காலம். சேலைன் போத்தலில் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவது, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் சும்மா எரியாது, சூடு காட்ட வேண்டும். அதற்காகக் குழாயைப் புகைக்குழாயோடு சேர்த்துச் செப்புக் கம்பியால் கட்டுவார்கள். அப்படிக் கட்டாத வாகனம் யாழ்ப்பாணத்தில் ஓடியதில்லை. வேலை மேசையில் செப்புக் கம்பி கிடந்தது. அவளுடைய கை தானாகவே செய்தது. மூன்று இடத்தில் கட்டு, ஒவ்வொரு கட்டின் நுனியும் உள்ளே மடித்து, துணி கொழுவாதபடி. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் திரும்பி வந்தார். இடப்பக்கம் ஏற்கெனவே பார்த்தாயிற்று, அடையாளமும் போட்டாயிற்று. வலப்பக்கத்தை மட்டும் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு மூடியைப் போட்டு முப்பது ஸ்குறூவையும் முறுக்கினார். மறுபடி ஓடவிட்டபோது என்ஜின் முன்பைவிட நன்றாக இழுத்தது. சூடாகிவிட்டதால் இழுத்திருக்கலாம். கிளடிஸ் அப்படி நினைக்கவில்லை. தன் கை பட்டதால்தான் என்று நினைத்தாள். சொல்லுவோமா என்று வாயெடுத்தாள். அவருடைய பிளேனில் வேறு ஒருவர் ஆணி தொட்டாலும் அவருக்குப் பிடிக்காது. சரி, பிறகு சொல்லுவோம் என்று விட்டுவிட்டாள். அந்தப் பிறகு வரவே இல்லை.

சித்திரையில் பறந்தார். தனியே. கையால் கட்டிய பிளேனில் முதல் இருபத்தைந்து மணித்தியாலம் ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஆளை ஏற்றக்கூடாது, அது சட்டம். கிளடிஸ் கொட்டகையின் மர வாங்கில் உட்கார்ந்து மணித்தியாலங்களை விரலில் எண்ணினாள். ஒன்பது. பதினான்கு. இருபது. ஆனி கடைசியில் இருபத்திரண்டு. இன்னும் மூன்று. அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், "அடுத்த ஞாயிறு நீர்தான்." அன்று பூசையில் அவள் ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வெயில் நெருப்பாக எரித்தது. யேசுரட்ணம் ஒரு சுற்றுப் பறந்து இறங்கி, தேத்தண்ணி குடித்து, மறுபடி ஏறினார். சோளத் தோட்டத்தைத் தாண்ட முன்னமே என்ஜின் இருமியது. அவர் உடனே திரும்பி இறங்கினார்.  "பிரஷர் ரெண்டுக்கு வந்திட்டுது" என்றார். "மற்றப் பம்பைப் போட்டுத்தான் இறக்கினனான். காரணம் தெரியாமல் நான் இனி உந்தப் பிளேனை எடுக்கமாட்டன். நீர் ஏறுறதெண்டா, கேக்கவே வேண்டாம்."

அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை. மீற்றரை மாற்றினார், பம்பை மாற்றினார், பெற்றோல் வடியை மாற்றினார். எல்லாம் செட்டைப் பக்கத்தில் இருந்தவை, என்ஜின் மூடியைக் கழற்ற வேண்டி வரவில்லை. ஒவ்வொரு தரமும் காலமை வெள்ளெனப் போய், குளிர்ச்சியாக இருக்கும்போது என்ஜினை ஓடவிடுவார். அவள் சீற்றில் இருந்து எழுதுவாள். நாலரை, நாலரை, நாலேகால், நாலரை. ஒரு பிழையும் இல்லை. அவர் தலையில் கை வைப்பார். இதை எப்படிச் சொல்லுவது, அந்த ஐந்து சனியும் கிளடிஸ் சந்தோசமாக இருந்தாள். பிளேன் பறக்கத் தொடங்கியபின் அவளுக்கு அந்தச் சீற் இல்லாமல் போயிருந்தது. இப்போது திரும்பக் கிடைத்தது. "எவ்வளவு?" "நாலரை." வீட்டுக்கு வந்து படுத்தால் மட்டும் வெள்ளை வானின் கூரை வந்து நிற்கும். இந்த வருஷமும் போய்விடுமோ என்று இருக்கும்.

ஆறாவது சனிக்கிழமை அவர் நேரத்துக்கு எழும்பவில்லை. போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஆவணி வெயில். ஒரு தரம் ஓடவிட்டார், நிறுத்தினார், கொப்பியைப் பார்த்தார், பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்ராட் பண்ணினார்.

"எவ்வளவு?"

"நாலு."

"இப்ப?"

"மூண்டரை." ஊசி நடுங்கியது. "மூண்டு. ரெண்டேமுக்கால்."

ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. என்ஜின் இருமியது.  இந்த இருமலை அவளுக்குத் தெரியும். ஊரில் ஒருநாள் பங்குச் சுவாமியார் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த பெற்றோல் ஒரு கான் தந்தார். அசல் பெற்றோல். ராங்க் நிறைய அதை விட்டுக்கொண்டு ராசாத்தி மாதிரிப் போனாள். வெயிலில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி எடுத்தபோது வான் இதே மாதிரி இருமி நின்றுவிட்டது. ஜெயமலர்தான் இறங்கிப் போய் யாரோ ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். அவன் சொன்னான், உது மண்ணெண்ணைக்குக் கட்டின கட்டு, பெற்றோலுக்கு உந்தச் சூடு காட்டினா குழாய்க்குள்ளயே ஆவியாகிப் போம். ஈரச்சாக்கு ஒன்றைக் குழாயில் சுற்றினான். வான் ஓடியது.

"நிப்பாட்டுங்கோ" என்றாள்.

அவர் நிறுத்தினார்.

"ஒரு ஈரச்சாக்கு வேணும். இல்லாட்டித் துணி, நனைச்சு. மூடியைக் கழட்டுங்கோ, இடப்பக்கம். பெற்றோல் குழாய் புகைக்குழாயோட கட்டியிருக்கு."

"விசர்க் கதை. நான் அப்பிடிக் கட்டேல்லை."

"நான் கட்டினனான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் முப்பது ஸ்குறூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூடி கை சுட்டது. உள்ளே மூன்று கட்டு, செப்புக் கம்பி, நுனிகள் உள்ளே மடித்து.  அவர் ஓடுபாதையின் அந்த முனைவரைக்கும் நடந்து போனார். திரும்பி நடந்து வந்தார். கிளடிஸ் சீற்றிலேயே இருந்தாள், மடியில் கொப்பி.

"இருபத்திரண்டு மணித்தியாலம் உதோட பறந்திருக்கிறன்" என்றார். "நான் செத்திருப்பன், கிளடிஸ்."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்லுறீர்."

"வேற என்னத்தைச் சொல்லுறது. செத்திருப்பியள். உங்களை நான்தான் கொன்றிருப்பன்." அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீரை அவள் துடைக்கவில்லை. "குளிருக்கு இழுக்கேல்லை எண்டு சொன்னியள். எங்கட வானுக்கு அப்பிடித்தான் கட்டிறனாங்கள். மண்ணெண்ணைக்கு. பெற்றோலுக்குக் கட்டக்கூடாது எண்டும் எனக்குத் தெரியும். மறந்துபோனன்."

"எங்கட வானோ? ஆரின்ர வான்?"

சொன்னாள். மூன்று வருஷம் ஓட்டினதை, சேலைன் போத்தலை, நடுறோட்டில் சில்லு மாற்றினதை, ஒரு பிள்ளை வானுக்குள்ளேயே பிறந்ததை. ஜெயமலரின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.  அவர் வேலை மேசையில் சாய்ந்துகொண்டு கேட்டார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அது எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

"எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை" என்றாள் கிளடிஸ். "நீங்கள் பிரஷர்தானே கேட்டனீங்கள்."

 அவர் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "கட்டினவர்தான் வெட்டவேணும்." அவள் இறங்கி மூன்று கட்டையும் வெட்டினாள். குழாயைத் தூரத்தால் எடுத்து, நடுவில் ஒரு தகடு மறைப்பு வைத்துப் பூட்டினார்கள். இந்தத் தரம் அவர் பிடித்துக்கொண்டிருக்க அவள் முறுக்கினாள். பிளேனின் பதிவுக் கொப்பியில் வேலையை எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கீழே அவளையும் போடச் சொன்னார்.

ஆனால் மன்னிப்பு என்பது அவரிடத்தில் அவ்வளவு மலிவாக வரவில்லை. போகும்போது காருக்குள் சொன்னார், "பழைய இருபத்திரண்டும் கணக்கில்லை. சட்டத்துக்குக் கணக்கு, எனக்குக் கணக்கில்லை. முதலில இருந்து இருபத்தைஞ்சு. அதுக்குப் பிறகுதான் நீர்."

கிளடிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சரி என்றாள். மூன்று மணித்தியாலத்தில் முடிந்திருக்க வேண்டியது. தன் கையாலேயே கெடுத்தாள், யாரை நோவது?

புரட்டாதி முழுக்க வேலை முடிந்த கையோடு போய்ப் பறந்தார். அவள் வாங்கில் இருந்து எண்ணினாள். அவர் தலைக்கு மேலால் தாழ்ந்து போகும்போதெல்லாம் அவளுடைய வாய் தன்பாட்டில் திறக்கும். கையை மடிக்குள் இறுக்கிக்கொண்டு, ஓடாமல், வாங்கைவிட்டு அசையாமல் இருப்பாள். பத்து. பதினாறு. இலைகள் சிவந்தன. வெயிலில் நிறுத்தி எடுத்தாலும் ஊசி நாலரைதான் என்று அவர் இறங்கி வந்து சொல்லுவார். இருபத்துமூன்று. சோளம் வெட்டியாயிற்று. ஐப்பசித் தாங்ஸ்கிவிங் விடுமுறை ஞாயிறு பின்னேரம் அவர் இருபத்தைந்தையும் முடித்து இறங்கி, கொட்டகைக்குள் வராமல், என்ஜினை நிறுத்தாமல், மற்றக் கதவைத் திறந்துவிட்டார்.

ஏறினாள். பெல்ற்றை அவரே இழுத்துப் பூட்டினார். காதில் பேச்சுக் கருவியை மாட்டினார். புல் நடுங்கியது, பிறகு நடுக்கம் நின்றது. நின்றபோதுதான் தாங்கள் தரையில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய கண் மீற்றரைவிட்டு அசையவில்லை.

"எவ்வளவு?"

"நாலரை."

"ஆயிரத்தைஞ்நூறு அடி. இனி வெளியால பாரும். அதுக்குத்தானே வந்தனீர்."

பார்த்தாள். வெட்டிய வயல்கள், வீட்டுக் கூரைகள், தூரத்தில் ஏரி. நேர் கீழே தெற்கே போகிற ஒரு றோட். றோட்டில் ஒரு வெள்ளை வான். அவள் கேட்டது போலவே, ஒரு வெள்ளை வான். யாரோ பூச்சு வேலைக்காரனுடையதாக இருக்க வேண்டும், கூரையில் ஏணி கட்டியிருந்தது. ஏணியின் படிகள் தெரிந்தன.

"இன்னும் கொஞ்சம் மேல போங்கோ" என்றாள்.

அவருக்கு நல்ல சந்தோசம். மனுசிக்குப் பயமில்லை. ஏற்றினார். "ரெண்டாயிரம்."

செட்டை நுனி வானைத் தாண்டிப் போய், சுற்றி வந்து, மறுபடி அதற்கு மேலே வந்தது. ஒரு கண் வெட்டு. ஏணி தெரிந்தது.

"இன்னும்."

"ரெண்டாயிரத்தைஞ்நூறு. இதுக்கு மேல பெரிய பிளேன்களின்ர இடம், விடமாட்டினம்."

"இன்னும் கொஞ்சம் போகேலாதோ? கொஞ்சம்."

"இல்லையப்பா. இவ்வளவுதான்."

கிளடிஸ் யன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். வான் சின்னதாகிவிட்டிருந்தது, விரல் நகம் அளவு. ஆனால் வான் வானாகத்தான் இருந்தது. வெள்ளைக் கூரை வெள்ளைக் கூரையாக இருந்தது. அதன்மேல் குறுக்கே கிடந்தது ஏணிதான், வேறு எதுவும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது.

"தெரியுது" என்றாள்.

"என்ன தெரியுது?"

 அவளுடைய நெற்றி கண்ணாடியிலேயே இருந்தது. யேசுரட்ணம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் அவளுடைய மூச்சு படிந்து படிந்து அழிந்தது. வழக்கத்தில் அவருக்கு வாயில் வருகிற ஒரு கேள்விதான் உண்டு. அதைக் கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. என்ஜினைக் குறைத்தார். இரைச்சல் பாதியாயிற்று. அந்த வானுக்கு மேலால் பெரிய வட்டமாகப் பிளேனைத் திருப்பினார்.

"சொல்லும், கிளடிஸ்" என்றார். "கேக்கிறன்."

"ஜெயமலர் எண்டு ஒருத்தி இருந்தவா" என்று அவள் தொடங்கினாள். "வானின்ர கூரையில சிலுவை கீறச் சொன்னது அவாதான். கீறினது நான்."

வான் ஒரு சந்தியில் திரும்பி மறைந்தது. அவர் வட்டத்தைவிட்டு விலகாமல் ஓட்டினார். அவள் சொல்லி முடிக்க ஐந்து வட்டம் ஆயிற்று. ஊசி நாலரையில் நின்றது. அவர்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை.